ராஜா தலை ரூபாயின் நிறம்

கோவில்பட்டி மெயின் ரோட்டில் எனக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. கண் பார்த்து, பவர் எழுதி, கண்ணாடி மாட்டிக் கொடுப்பது தொழில். அதற்கு வெளியே எனக்கிருக்கும் ஒரே பித்து பழைய வெள்ளி ரூபாய்கள். நல்ல வெளிச்சமும் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸும் கடையிலேயே இருப்பதால், சுற்று வட்டாரத்தில் யாருக்காவது ஒரு காசின் மேல் சந்தேகம் வந்தால் என்னிடம் எடுத்து வருவார்கள். கழுகுமலையிலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும்கூட வருவார்கள். முன்பெல்லாம் காசு அசலா, அச்சில் வார்த்த போலியா என்று கேட்பார்கள். இப்போது அதைவிட அதிகமாகக் கேட்பது நிறத்தைப் பற்றி.

வெள்ளிக் காசு சும்மா கிடந்தாலும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். காற்றிலும் காகிதத்திலும் இருக்கிற கந்தகம் அதைப் பிடிக்கும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் செம்பு, அதற்கப்புறம் கத்தரிப்பூ ஊதா, நீலம். விட்டுவிட்டால் கடைசியில் கறுப்பு. பல வருடம் ஒரே இடத்தில் அசையாமல் கிடந்த காசில் இந்த நிறங்கள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நிற்கும். சேகரிக்கிறவர்கள் இதை டோனிங் என்பார்கள். அப்படி நிறம் வந்த காசுக்கு மவுசு கூடியதும், அவசரத்துக்கு அதைச் செய்து தருகிறவர்களும் வந்துவிட்டார்கள். சூடு காட்டுவார்கள், மருந்தில் முக்குவார்கள், அவித்த முட்டையோடு டப்பாவில் போட்டு மூடுவார்கள். முட்டையிலும் கந்தகம் இருக்கிறது.

எது தானாக வந்தது, எது வரவழைத்தது என்று பார்ப்பதற்கு எனக்கு ஒரு வழி உண்டு. காசை விளக்குக்குக் கீழே பிடித்து மெதுவாகச் சாய்ப்பேன். தானாக வந்த நிறமென்றால், அதற்கு அடியில் வெள்ளியின் பளபளப்பு காற்றாடி சுற்றுவதுபோல் சுற்றும். எழுத்துகளின் ஓரத்தில் நிறம் படியாத ஒரு மெல்லிய கோடு இருக்கும். வரவழைத்த நிறம் மழைத் தண்ணீரில் மண்ணெண்ணெய் மிதப்பதுபோல் மேலாகவே நிற்கும். மஞ்சள் வராமலே நீலம் வந்திருக்கும். இதெல்லாம் எனக்குப் பிடிபட்டது என் சிநேகிதர் பாயின் ரூபாயைப் பார்த்துப் பார்த்துத்தான்.

பாய் என்னைவிட மூத்தவர். மார்க்கெட்டுக்குப் பின்னால் இரும்புச் சாமான் கடை. ஆணி, கம்பி, தாழ்ப்பாள், மண்வெட்டி. ஊரில் எத்தனையோ பேரைப் பாய் என்று கூப்பிடுவார்கள், நான் பாய் என்றால் என் வீட்டில் அவரைத்தான் குறிக்கும். மதுரையில் நாணயக் கண்காட்சி என்றாலும் திருநெல்வேலியில் என்றாலும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். அவர் வீட்டு விசேஷங்களில் நான் பந்தி பார்த்திருக்கிறேன். என் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றது அவர்தான்.

அவரிடம் பழைய காசுகள் நிறைய கிடையாது. ஆனால் வெள்ளைக்கார ராஜாவின் தலை பொறித்த ஒரு ராஜா தலை ரூபாய் இருந்தது. அவருடைய அப்பா, அவர் வார்த்தையில் அத்தா, கடையை நடத்திய காலத்தில் எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தொழிற்சாலைகளுக்குக் கம்பியும் ஆணியும் கொடுத்து வந்தார். தீப்பெட்டியில் ஒட்டுகிற ஊதாக் காகிதத்தில் அந்த ஒரு ரூபாயைப் பொதிந்து கல்லாப்பெட்டியின் அடித்தட்டில் போட்டு வைத்திருந்தார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர் இறந்து, கல்லாப்பெட்டியைச் சுத்தம் செய்தபோது பாய் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார். மறுநாள் காலையில் கடை திறக்குமுன் என் கடை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன். கெட்டுப் போச்சா, நல்லா இருக்கா?"

அப்படி ஒரு நிறத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. விளிம்பில் ஆழ்ந்த நீலம். அது ஊதாவாகி, செம்பாகி, ராஜாவின் கன்னத்துக்கு வரும்போது இளம் மஞ்சளாக இறங்கியிருந்தது. காகிதத்தின் மடிப்பு பட்ட இடத்தில் மட்டும் ஒரு கோடு வெள்ளையாக இருந்தது. வருடம் பொறித்திருந்த எண்களுக்குக் கீழே விளிம்பில் எறும்பு கடித்தாற்போல் ஒரு சின்னப் பள்ளம்.

"கெடல பாய். இது லட்சத்துல ஒண்ணு. துடைச்சிராதீங்க. கையால தொடக்கூடச் செய்யாதீங்க."

அதற்குப் பிறகு அந்தக் காசை எத்தனை தடவை என் விளக்குக்கு அடியில் பார்த்திருப்போம் என்று தெரியாது. மத்தியானம் வெயில் ஏறி ரோட்டில் ஆள் குறைகிற நேரத்தில் வருவார். சட்டைப்பையிலிருந்து எடுப்பார். நான் விளக்கைப் போடுவேன். பேச்சு அதிகம் இருக்காது. விலைக்குக் கேட்டவர்களிடம், "அது அத்தா எடுத்து வச்சது, நான் விக்கதுக்கு இல்ல" என்று ஒரே பதிலைச் சொல்லுவார். முட்டை வைத்து நிறம் வரவழைக்கிற கதையைக் கேள்விப்பட்டபோது இரண்டு பேரும் சிரித்தோம். "வெள்ளிக்கு முட்டை வாடை அடிச்சா எவன்லே வாங்குவான்?" என்றார்.

எங்கள் ஊரில் காசு சேர்ப்பவர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜ் மாடியில் கூடுவோம். அவரவரிடம் இருப்பதைக் காட்டுவோம், பிடித்தால் மாற்றிக்கொள்வோம். செயலாளராக இருந்தவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. கறாரான மனிதர். லைட்டர் வந்து தொழில் படுத்துக்கொண்ட பிறகு அந்தக் கறார் இன்னும் கூடியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் கூட்டத்துக்கு வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. கூட்டம் முடிகிற நேரத்தில் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் உறையில் இருந்த மூன்று வெள்ளி ரூபாய்களை மேசையில் வைத்தார். மூன்றிலும் நிறம்.

"அண்ணாச்சி, இது மூணும் பாய் மாத்திக் குடுத்தது. மூணு பேருகிட்ட. மூணு பேருகிட்டயும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்காரு, எங்க அத்தா வச்சிருந்த காசுன்னு. வாங்குனவங்களுக்கு இப்பச் சந்தேகம் வந்துட்டு. நீங்க கொண்டுபோய்ப் பாருங்க. அடுத்த கூட்டத்துல சொல்லுங்க."

"பாய்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா சண்டை வரும். உங்களுக்கு அவர் சிநேகிதர்ன்னு தெரியும். ஆனா காசைப் பாக்குதப்போ நீங்க ஆள் பாக்க மாட்டீங்கன்னும் தெரியும்."

நான் உறைகளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைக்கு லீவு. ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய் விளக்கைப் போட்டேன்.

முதல் காசுக்கு லென்ஸே தேவைப்படவில்லை. பச்சையும் ஊதாவும் திட்டுத் திட்டாக அப்பியிருந்தன. கன்னத்தின் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே நிறம். இரண்டாவதும் அப்படியே. உறையைத் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனபோது லேசாக வாடை வந்தது. ஷட்டருக்கு அடியில் தெரிந்த ரோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் கூடவே பஸ்ஸில் வந்த மனிதர்.

மூன்றாவது காசை விளக்குக்கு அடியில் சாய்த்தேன். இதிலும் நிறம் பொய்தான். நிறத்துக்கு அடியில் பளபளப்பு சுற்றவில்லை. செத்துக் கிடந்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். புளி போட்டு, சாம்பலோ பவுடரோ வைத்துப் பாத்திரம்போல் அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நிறம் ஏற்றியிருக்கிறார்கள். கீறல்களுக்குள்ளே நீலம் போய் உட்கார்ந்திருந்தது.

ராஜா தலை. வருடத்துக்குக் கீழே விளிம்பில், எறும்பு கடித்தாற்போல் ஒரு பள்ளம்.

காசைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை. அது பாயின் அத்தா பொதிந்து வைத்த அதே ரூபாய். அதில் தானாக வந்திருந்த நிறத்தைச் சுத்தமாக வழித்து எறிந்துவிட்டு, அதன் மேல் யாரோ கள்ள நிறம் ஏற்றியிருக்கிறார்கள். ஏமாற்ற நினைக்கிறவன் ஒன்றுக்கும் ஆகாத காசை எடுத்துத்தான் நிறம் ஏற்றுவான். உண்மையான நிறம் இருந்த ஒரே காசை வழித்துவிட்டு அதிலேயே பொய் நிறம் ஏற்ற எந்தத் திருடனுக்கும் தேவையில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே பாய் வீட்டுக்குப் போனேன்.

பாய் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா தம்பி. கடையை அடைச்சிட்டா வாரே?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை பாய். கூட்டத்துக்கு ஏன் வரல?"

"இன்னைக்கா கூட்டம்?" என்றார். பிறகு, "கடையை அடைச்சிட்டா வாரே?" என்று மறுபடி கேட்டார்.

மனதில் கோபம் இருந்ததால் அதை நான் கவனிக்கவில்லை. எப்படிப் பேச்சை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே எழுந்து உள்ளே போய் எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றை எடுத்து வந்தார். மூடியைத் திறந்ததும் அவித்த முட்டை வாடை குப்பென்று வந்தது. உள்ளே துணியில் சுற்றியிருந்த ஒரு ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"காணாமப் போச்சு தம்பி. வீடு பூராத் தேடுனேன். கடையில எல்லா டிராயரையும் கவுத்தினேன். கடைசியில கிடைச்சிட்டு. பாரு, அத்தா காசு."

என் கையில் இருந்தது ராணி தலை. மேலெல்லாம் புது ஊதா.

"பாய், அத்தா காசுல ராஜா தலைல்லா இருக்கும்?"

"ஆமா. ராஜாதான்" என்றார் அவர், ராணியைப் பார்த்துக்கொண்டே. "நிறத்தைப் பாரு தம்பி. லட்சத்துல ஒண்ணுன்னு நீதானே சொன்னே."

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. தாடியை ஒரு பக்கம் மட்டும் ஒதுக்கியிருந்தார். நான் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பதென்று தெரியவில்லை. "நல்லா இருக்கு பாய்" என்று மட்டும் சொன்னேன்.

உள்கதவுக்குப் பக்கத்தில் மைனி நின்றுகொண்டிருந்தார். பாயின் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். கண்ணைக் காட்டினார். பாய் ராணி ரூபாயை மறுபடி துணியில் சுற்றத் தொடங்கியபோது நான் பின்கட்டுக்குப் போனேன்.

"எத்தனை நாளா மைனி?"

"நோன்புக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டு. மொதல்ல கடைச் சாவியை மறந்தாவ. நானும் வயசுன்னு இருந்துட்டேன். ஒரு நாளு நான் அடுப்படியில பாத்திரம் வெளக்கிட்டு இருக்கேன், அவியளும் வந்து உக்காந்து புளியை எடுத்து அந்தக் காசைப் போட்டுத் தேய்க்காவ. என்ன செய்யுதீங்க, அது மாமா வச்சிட்டுப் போன காசுல்லான்னு கத்துனேன். கறுத்துப் போய்க் கிடக்கு, அழுக்கா இருக்குன்னு சொல்லுதாவ. வெள்ளையாத் தேச்சு, கழுவி, துடைச்சு வச்சிட்டாவ. மறுநாளு காலையில அத்தா காசைக் காணோம்ன்னு ஒரே அழுகை. இதுதாங்கன்னு வெள்ளைக் காசை எடுத்துக் குடுத்தா, இது இல்ல, அது கலரா இருக்கும்ன்னு தூக்கி எறியுதாவ."

மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் தெனமும் முட்டை அவிக்கச் சொல்லுதாவ. திங்க மாட்டேங்குதாவ. வீட்டுல கெடக்க வெள்ளிக் காசு ஒவ்வொண்ணா எடுத்து முட்டையோட டப்பாவுல போட்டு மூடி வைக்காவ. விடிஞ்சதும் திறந்து பாத்துட்டு, அத்தா காசு கிடைச்சிட்டுன்னு சந்தோசப்படுதாவ. சாயங்காலத்துக்குள்ள மறந்துருதாவ. யாருகிட்ட எதைக் குடுத்தாவன்னு எனக்குத் தெரியாது."

முட்டை வைக்கிற கதையைக் கேட்டு நாங்கள் சிரித்தது அவருக்கு மறந்திருக்கும். முட்டை வைத்தால் நிறம் வரும் என்பது மட்டும் மறக்காமல் தங்கியிருக்கிறது.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மைனி முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புத்தி தடுமாறிட்டுன்னு வெளிய சொல்லிராதீங்க. கடைக்குச் சரக்குப் போடுதவன் நாளைக்கே பாக்கியைக் கேட்டு வந்து நிப்பான். மக வீட்டுலயும் தெரியாது. மகன் வந்து டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். அது வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்."

சென்னையில் வேலை பார்க்கும் மகன் அன்று மாலையே போன் செய்தான். "மாமா, அம்மா சொன்னதுதான். ஒரு ரெண்டு மாசம் பொறுத்துக்கோங்க. அத்தாவை எல்லாரும் பாவம்ன்னு பாக்கிறதை அவங்களால தாங்க முடியாது." சரி என்றேன்.

அடுத்த கூட்டம் வரைக்கும் அந்த மூன்று காசுகளும் என் மேசை டிராயரில் இருந்தன. கண்ணாடி மாட்ட வருகிறவர்களுக்குப் பவர் எழுதிக்கொண்டே அதை நினைத்துக்கொண்டிருப்பேன். நிறம் தானாக வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்துவிடும். என் வாக்குக்கு மேல் அங்கே யாரும் போக மாட்டார்கள். ஆனால் வைத்திருக்கிறவர்கள் நாளைக்கு மதுரையில் யாரிடமாவது காட்டுவார்கள். அப்போது பொய்யாகப் போவது என் வாக்கு மட்டுமில்லை, பாயைத் திட்டமிட்ட திருடன் என்றே முடிவு கட்டுவார்கள். நோய் என்று சொல்லலாம். அதைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எந்தப் பக்கம் போனாலும் பாய்க்கு அடிதான்.

கூட்டத்தில் எழுந்து சொன்னேன்.

"மூணுலயும் நிறம் வரவழைச்சது. தானா வந்ததில்ல. ஆனா பாய் யாரையும் ஏமாத்தல. இதுல ஒண்ணு அவிய அத்தா வச்சிருந்த காசுதான்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தக் கண்ணாடி நான் போட்டுக் கொடுத்தது.

"ஏமாத்தாம எப்படி அண்ணாச்சி வரவழைச்ச நிறம் வரும்? காசு தானா போய் முட்டைக்குள்ள உக்காருமா?"

"அதுக்கு மேல நான் சொல்லதுக்கு இல்ல."

"சிநேகிதரைக் காப்பாத்துதீங்க. அது தப்புன்னு சொல்லல. ஆனா எங்களுக்கு இது போதாது."

அன்றோடு பாயின் பெயரைச் சங்கத்திலிருந்து எடுத்தார்கள். யாரும் கூட்டிப் பேசி அவமானப்படுத்தவில்லை, வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள், அவ்வளவுதான். நான் என்னிடம் இருந்த நல்ல காசுகளைக் கொடுத்து அந்த மூன்றையும் வாங்கிக்கொண்டேன். ராஜா தலையை வைத்திருந்தவர் கொடுக்கும்போது, "இந்தக் குப்பையை வச்சு நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. பார்க்கிறவருக்கு அது குப்பைதான். வழித்த நிறம் திரும்பி வராது. இனி எத்தனை வருடம் எந்தக் காகிதத்தில் பொதிந்து வைத்தாலும் அந்தக் கீறல்களின் மேல் அந்த நீலம் வரப்போவதில்லை.

மறுநாள் மத்தியானம் அந்த ராஜா தலைக் காசைக் கொண்டு போய்க் கொடுத்தேன். பாய் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கே தம்பி. யாரு காசு இது?"

"உங்க அத்தா காசு பாய்."

"அத்தா கடைக்குப் போயிருக்காவ. வந்ததும் கேட்டுக்கிடுவோம்" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் அதை மைனியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

டாக்டர், ஸ்கேன் என்று திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் மகன் கூட்டிக்கொண்டு அலைந்தான். மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் வேகமாகப் போகாமல் இருக்கத்தான் மாத்திரை, போனது வராது என்று டாக்டர் சொன்னதாக மகன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் எப்படியோ பாயின் நினைவில் நின்றிருந்தன. எந்த ஞாயிறு கூட்டம் என்று தெரியாததால் ஒவ்வொரு ஞாயிறும் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். சங்கத்தில் தன் பெயர் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நான் ஸ்கூட்டரில் ஏற்றி என் கடைக்குக் கூட்டி வருவேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். "யாரையும் காணமே" என்பார். "வருவாங்க பாய்" என்பேன். டீ குடித்ததும் கூட்டம் முடிந்துவிட்டது என்று அவரே எழுந்துவிடுவார். கூட்டத்துக்கு நானும் போவதில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஒரு காலையில் மைனி கண் அசந்த நேரத்தில் பாய் வீட்டை விட்டு வெளியே போய்விட்டார். ஊர் முழுக்கத் தேடினோம். மத்தியானம் போல, எட்டயபுரம் ரோட்டில் வேலைக்கு ஆள் ஏற்றிப் போன வேன் டிரைவர் ஒருவர் பார்த்துச் சொன்னார். நான் போனபோது பாய் ரோட்டை விட்டு இறங்கி மக்காச்சோளக் காட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். கரிசல் மண் கால் இரண்டிலும் கட்டி கட்டியாக ஏறி, தூக்கி வைக்க முடியாமல் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார். செருப்பைக் காணோம். நான் சேற்றில் இறங்கி அவர் கையைப் பிடித்தேன்.

"கம்பி கேட்டிருந்தாங்க தம்பி. ஆபீஸ்ல குடுத்துட்டு வாரேன்னு வந்தேன். வழி மாறிட்டு."

அவர் அத்தா காலத்துக் கணக்கு அது. அந்தப் பக்கத்தில் இப்போது தீப்பெட்டி ஆபீஸ் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு மறைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. ஊருக்கே தெரிந்துவிட்டது. இரும்புக் கடையைக் கை மாற்றிவிட்டார்கள். செயலாளர் ஒரு நாள் என் கடைக்கு வந்தார். கண் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், விளக்கைப் போடுமுன் கையை உயர்த்தினார்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும்."

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி."

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்."

"அவர் வீட்டுக்குப் போலாம்னு நெனைக்கேன். போனா என்னன்னு சொல்லது?" என்றார். போய்ப் பார்த்தார் என்று பிறகு மைனி சொன்னார். பாய் அவருக்கு நாற்காலி போட்டு, என்ன சாமான் வேண்டும் என்று கேட்டாராம். அவர் அரைக் கிலோ ஆணி என்று சொல்லிவிட்டு அழுதாராம்.

போன மாதம் மைனி போன் செய்து, பாய் எதிலும் போய் முட்டிக்கொள்கிறார், கண் தெரியவில்லையோ என்னவோ, ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றார். மத்தியானத்தில் கூட்டி வரச் சொன்னேன். ஆட்டோவிலிருந்து கையைப் பிடித்து இறக்கினார்கள். பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்க்கிற ஃபிரேமை மாட்டி, எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னேன். மேல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். குரல் தெளிவாக இருந்தது. கடைசி வரியில் இருக்கும் பொடி எழுத்துகளைக்கூடத் தப்பில்லாமல் வாசித்தார். என் வயதில் எனக்கே அந்த வரி மங்கல்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு மைனி" என்றேன்.

கண்ணில் கோளாறு என்று நான் சொல்லியிருந்தால் மைனிக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பாய் கடையைச் சுற்றிப் பார்த்தார். ஃபிரேம்கள் அடுக்கியிருந்த கண்ணாடி அலமாரி, விளக்கு, மேசை எல்லாவற்றையும் புது இடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு என் பக்கமாகக் குனிந்து, மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இங்கன ஒரு தம்பி இருப்பாரே, கடைக்காரர். காசெல்லாம் நல்லாப் பாப்பாரு. எங்க போயிருக்காரு?"

"சாப்பிடப் போயிருக்காரு" என்றேன்.

"அப்பச் சரி. வந்தா சொல்லுங்க" என்று எழுந்துகொண்டார். மைனி முந்திப் போய் ஆட்டோவை நிறுத்தினார். நான் பாயின் காலில் செருப்பை மாட்டிவிட்டு, கையைப் பிடித்துப் படி இறக்கினேன்.